சும்மா இருக்கத் தெரிந்த செல்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் பிரிக்காமலே அலமாரி மேல் போட்டுவிட்டாய் என்று அண்ணி சொன்னார். அண்ணியைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். குடும்பக் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். அதனால்தான் தாளும் பேனாவும். கிழித்துப் போடுவதற்குள் ஒரு வரியாவது கண்ணில் படாதா என்ற நப்பாசை.

அன்றைக்கு நடந்ததை என் பக்கமிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் வந்திருந்த நான் உன்னைப் பார்க்க அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு வந்தேன். ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. நீ லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தாய். "அண்ணா" என்றேன். என்னைப் பார்த்தாய். பார்த்தாய் என்று எப்படிச் சொல்வது, உன் கண் என் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். உன்னோடு வேலை செய்பவர் பதறவே இல்லை. பையிலிருந்து ஜூஸ் பாக்கெட்டை எடுத்து, ஸ்ட்ராவைக் குத்தி உன் வாயில் வைத்து, "குடிங்கண்ணே, குடிங்க" என்றார். தினமும் செய்து பழகிய கை. கால் மணி கழித்து நீ என்னைப் பார்த்து, "நீ எப்ப வந்தே?" என்று கேட்டாய். சர்க்கரை மீட்டரில் முப்பத்தெட்டு. நூறு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு! உன் செருப்பு நுனிக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"இன்னைக்கே உன் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடு" என்று கெஞ்சினேன். "சொன்னா மேல ஏற விடமாட்டான். நீ உன் வேலையப் பாரு" என்றாய். மறுநாள் நானே போய்ச் சொன்னேன்.

சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது பொய்யாகிவிடும். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகாமல் உன் முதுகுக்குப் பின்னால் போனேன் பார், அதற்கு மட்டும் மன்னித்துவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை ஆய்வகத்தில் வளர்க்கிற வேலையில் ஆறு வருஷமாக இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். எலிகளில் அது வேலை செய்துவிட்டது. மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க இப்போது அனுமதி வந்திருக்கிறது. முதலில் பன்னிரண்டு பேர். சர்க்கரை தாழ்வது தனக்கே தெரியாமல் நினைவு தப்புகிறவர்களைத்தான் தேடுகிறார்கள். செல்கள் வளர்வது இங்கே. உள்ளே வைப்பது உன் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில். ஃபார்ம் இணைத்திருக்கிறேன்.

திட்டுவதற்காவது ஒரு வரி எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 19

ரேடியோவுக்கு,

சின்ன வயதில் உனக்கு வைத்த பெயரை நானே மறந்திருந்தேன். நீ என் ஆபீஸில் போய் ஒலிபரப்பு நடத்திய அன்று ஞாபகம் வந்தது. நான் பிஸ்கட் டப்பாவைத் தொட்டால் போதும், அம்மா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். நாற்பது வயது நெருங்கியும் அந்த ஸ்டேஷன் மூடப்படவில்லை.

இப்போது நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? புகார்ப் பிரிவு. காதில் போன். "லிஃப்ட் நின்னுடுச்சு, லைட் அணைஞ்சுடுச்சு, பட்டன் அமுங்கல." இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்ட்டுக்குள் நின்று கம்பிக்கயிற்றின் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவன். இப்போது, "பயப்படாதீங்க மேடம், ஆள் வந்துகிட்டே இருக்காங்க" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறேன். என்னிடம் வேலை கற்றவர்கள் எதிரே வந்தால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். பாவப்படுகிறார்களாம்.

பதினோரு வயதிலிருந்து இந்த வியாதியோடு குடித்தனம் நடத்துகிறேன். முப்பத்திரண்டு வருஷம். ஊசி எத்தனை, விரலில் குத்தியது எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது. முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், எனக்கே தெரியும். எட்டு வருஷமாக அந்த மணி அடிப்பதில்லை. அதற்கு நான் என்ன செய்ய? பக்கத்தில் ஆள் இருந்தார், பையில் ஜூஸ் இருந்தது. நாங்கள் சமாளித்துக்கொண்டுதான் இருந்தோம்.

உன் ஃபார்மைப் பார்த்தேன். பதினெட்டுப் பக்கம். எலிக்குச் சரியாகிவிட்டதாம், அடுத்தது அண்ணனாம். வேண்டாம்.

இனிமேல் எழுதாதே. எழுதினால் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. பதில் வராது.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

பதில் வராது என்று எழுதியதே ஒரு பதில்தான். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

எலிக்கு அடுத்தது அண்ணன் என்று கேலி செய்திருக்கிறாய். நியாயமான கேள்விதான், பதில் சொல்லிவிடுகிறேன். எந்த உறுப்பாகவும் மாறாத செல்களில் ஆரம்பிக்கிறோம். ஒரு மாதம். ஆறு கட்டம். தினமும் ஊட்டத்தை மாற்ற வேண்டும், ஒரு நாள்கூடத் தவற முடியாது. நான் உன் கல்யாண நாளுக்கு வராமல் போன வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நான்காம் கட்டம். கடைசியில் அவை மணல் பருக்கையைவிடச் சின்ன உருண்டைகளாகத் திரளும். சாயம் விட்டால் இன்சுலின் இருக்கிற உருண்டைகள் மட்டும் சிவக்கும். முதல் தடவை அது சிவந்தபோது நான் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர், "மத்தவங்களும் பாக்கணும், கொஞ்சம் நகருங்க" என்று தோளைத் தட்ட வேண்டியதாயிற்று.

ஆனால் சிவந்தால் மட்டும் போதாது. அதிகமாகச் சர்க்கரை கொடுத்தால் சுரக்க வேண்டும். குறைவாகக் கொடுத்தால் சும்மா இருக்க வேண்டும். சுரக்கக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு ஒன்றரை வருஷம்தான் ஆனது. சும்மா இருக்கக் கற்றுக்கொடுக்கத்தான் மீதி நாலரை வருஷம்.

இனிப்பாகப் பேசி உன்னை இழுக்க மாட்டேன். இதைக் கல்லீரலில் வைத்துக்கொண்டால் உடம்பு அந்தச் செல்களை அந்நியன் என்று விரட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரையால் மற்ற நோய்கள் சுலபமாகத் தொற்றும். வாயில் புண் வரும். வைத்த செல்கள் நிற்காமலும் போகலாம். பதினெட்டுப் பக்கத்தில் பதினொன்று இதைத்தான் சொல்கிறது. படித்துவிட்டு வேண்டாம் என்றால் சரி. படிக்காமல் வேண்டாம் என்று சொல்லாதே.

உன்னோடு வேலை செய்தவர் நல்லவர்தான். ஆனால் அவர் ஒருநாள் லீவு போட்டால்?

தங்கை


மே 11

ரேடியோ,

ஃபார்மை நிரப்பி அனுப்பிவிட்டேன். ஏன் என்று நீ கேட்பாய், அண்ணியைத் துருவுவாய். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி. போன் அடித்தது, எடுத்தேன். ஒரு பெண். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. இதெல்லாம் பதிவைக் கேட்டு எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது நான் போனை எடுத்தது மட்டும்தான்.

பதிவை என் சூப்பர்வைசர் போட்டுக் காட்டினார். "ஹலோ, சார், கேக்குதா? சார், குழந்தை அழுவுது சார்." நான், "ம்" என்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "ம்". அந்த அம்மா, "ஆள் அனுப்பிட்டீங்களா சார்?" என்று கேட்கிறாள். "ம்." அனுப்பியாகிவிட்டது என்று நம்பி அவள் வேறு யாரையும் கூப்பிடவே இல்லை. பதினெட்டு நிமிஷம். பக்கத்து மேஜைக்காரர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது நான் ரிசீவரைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேனாம்.

ஒன்றும் ஆகவில்லை. குழந்தையும் அம்மாவும் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள். நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க, இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

லிஃப்ட் மேல் உட்கார்ந்திருந்தபோது விழுந்தால் நான் மட்டும்தானே விழுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அது தனிக் கணக்கு.

அண்ணன்


மே 20

அண்ணா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் நீ எரிச்சல்படுவாய்.

ஒரு விஷயம் மட்டும். நீ விண்ணப்பித்திருப்பதை நானே எங்கள் ஆய்வகத் தலைவர் மேடத்திடமும், ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கிற குழுவிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு வாயே கிடையாது. எந்தச் செல்கள் யாருக்கு என்பதும் எனக்குச் சொல்ல மாட்டார்கள். உன்னை எடுத்தால் அது உன் ரத்தத்தைப் பார்த்து எடுத்தது. தங்கச்சி சிபாரிசு என்று உன் ஆபீஸில் யாராவது சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

தங்கை


செப்டம்பர் 7

ரேடியோ,

ஆஸ்பத்திரி ஜன்னலோரக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். எடுத்துவிட்டார்கள். நான் மூன்றாவது ஆள். நாலு மாதமாக எடுத்த ரத்தத்தை ஒன்றாக ஊற்றினால் ஒரு வாளி தேறும். பல் டாக்டர்கூடப் பார்த்தார். "கல்லீரல்ல செல் வைக்கிறதுக்குப் பல்லை ஏன் சார் பாக்கறீங்க?" என்றேன். கிருமி இருக்கக் கூடாதாம். முப்பது வருஷமாகத் தள்ளிப்போட்ட சொத்தைப்பல்லை அந்தச் சாக்கில் பிடுங்கிவிட்டார்கள்.

பதினோராம் தேதி சாயங்காலம் செல்கள் பெட்டியில் வருகின்றன. மறுநாள் காலை எனக்கு உள்ளே போகின்றன. உனக்கு இதெல்லாம் சொல்லக் கூடாதோ என்னவோ, நான் சொல்லிவிட்டேன்.

இங்கே லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்கும்போது ஒரு குலுக்கு குலுக்குகிறது. நர்ஸிடம் சொன்னேன், யாருக்கோ போன் செய்தார்கள், ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "நார்மல்தான் சார்" என்று போய்விட்டான். நார்மலாம்!

பயமாக இருக்கிறதா என்று உன் அண்ணி கேட்கிறாள். இல்லை என்றேன். உன்னிடம் சொல்கிறேன், ஆசையாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணன்


செப்டம்பர் 13

அண்ணா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

பதினோராம் தேதி நீ காத்திருந்தாய். நாலு மணிக்கு யாரோ வந்து, தொழில்நுட்பக் காரணத்தால் செல்கள் வரவில்லை, எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருப்பார்கள். நிறுத்தியது நான். வேறு யார் வாயிலிருந்தோ உனக்குத் தெரிவதற்கு முன்னால் இந்தத் தடவை நானே சொல்கிறேன்.

அந்த உருண்டைகள் நன்றாகச் சிவந்திருந்தன. எட்டாம் தேதி நடந்த சோதனையில் தேறிவிட்டன. குறைந்த சர்க்கரையில் சும்மா இருந்தன, அதிகமானதும் சுரந்தன. காகிதமெல்லாம் தயார். பத்தாம் தேதி தட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. விதிப்படி அதை அப்புறப்படுத்த வேண்டும். நான் மறுபடி சோதித்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. உருண்டைகளின் ஓரம் வழக்கத்தைவிடச் சொரசொரப்பாக இருந்தது போல் ஒரு எண்ணம்.

குறைந்த சர்க்கரையிலும் அவை சுரந்துகொண்டே இருந்தன. நிறுத்தவில்லை.

அது உனக்குள் போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஊசி மருந்தையாவது கூட்டலாம், குறைக்கலாம். உள்ளே போய் ஒட்டிக்கொண்ட செல்லை எப்படி நிறுத்துவது? முப்பத்தெட்டிலும் அது சுரக்கும்.

காலையில் மேடத்திடம் கொண்டுபோனேன். "முதல் ரிசல்ட் வரம்புக்குள்ள இருக்கு. நீ பண்ணினது மிச்சத்துல. ரெண்டு நாள் பழைய மிச்சம். அத வச்சு ஒரு பேட்ச்சை நிறுத்த முடியாது. பெட்டி ரெண்டு மணிக்குக் கிளம்பணும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெளியே அனுப்ப இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. "நான் போட மாட்டேன் மேடம்" என்றேன். ஆறு வருஷத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "அது யாருக்குப் போகுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாதுன்னு சொல்லணும். ஆனா தெரியும். எங்கண்ணன் தேதியைச் சொல்லிட்டான்" என்றேன். உன் கடிதத்தையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். உன்னைக் காட்டிக்கொடுத்தது அதோடு இரண்டாவது தடவை.

மறுநாள் மேடமே கையுறை போட்டுக்கொண்டு வந்து வேறொரு தட்டில் மூன்றாவது தடவை சோதித்தார். அதுவும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டோம். ஆராய்ச்சி முழுவதும் நிறுத்தம். எப்போது தொடங்கும், உன் இடம் இருக்குமா, எதுவும் எனக்குத் தெரியாது.

ஒன்று உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு யாருக்கோ போகிற செல்கள் என்றாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன், அது நிச்சயம். ஆனால் அந்த மிச்சத்தை மறுபடி சோதித்துப் பார்க்கத் தோன்றியிருக்குமா? அது எனக்குத் தெரியவில்லை அண்ணா. இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை


செப்டம்பர் 18

நீதானா.

தொழில்நுட்பக் காரணம் என்றார்கள். அந்தக் காரணத்துக்குக் கை கால் முளைத்து என் வீட்டில் பிறந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முதலில் வேலை, இப்போது இது. கும்பிடு போட்டுக் கேட்கிறேன், என் விஷயத்தில் இனி எதையும் பார்க்காதே, எதையும் சோதிக்காதே, யாரிடமும் எதையும் சொல்லாதே.

உன் செல்களாவது உன்னை மாதிரி இல்லாமல் வாயை மூடக் கற்றுக்கொள்ளட்டும்.

மேலே எழுத விடாமல் உன் அண்ணி பேனாவைப் பிடுங்குகிறாள்.


அக்டோபர் 6

தங்கச்சி,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. உன் அண்ணி பேனாவைப் பிடுங்கியவள் தாளையும் பிடுங்கியிருக்கலாம்.

உனக்குத் தெரியாத ஒரு கதை சொல்கிறேன். ஏழு வருஷம் இருக்கும். ஒரு புதுக் கட்டடம், மறுநாள் திறப்பு விழா. லிஃப்ட்டின் பிரேக்கை நான்தான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். லிஃப்ட் பிரேக் உனக்குப் புரியாது, சொல்கிறேன். கரண்ட் வந்தால் அது விடும், கரண்ட் போனால் தானாகப் பிடிக்கும். மூட்டை மூட்டையாகப் பாரம் ஏற்றி ஒன்பது தடவை இறக்கி நிறுத்தினேன். ஒன்பது தடவையும் கச்சிதமாக நின்றது. கருவிகளைப் பையில் போட்டுவிட்டேன். பிறகு என்னவோ, இன்னொரு தடவை என்றேன். கூட இருந்தவர், "அண்ணே, சாப்பாடு ஆறுது" என்றார். பத்தாவது தடவை பெட்டி நாலு விரல் நழுவி நின்றது.

நாலு விரல்தான். பதினோராவது தடவை சரியாக நின்றது. ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. கட்டடத்துக்காரர் என்னைப் பேசாத பேச்சில்லை. என் மேலதிகாரி போனில் கத்தினார். பிரித்துப் பார்த்தபோது கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து பிரேக் பட்டையில் ஊறியிருந்தது. திறப்பு விழா இரண்டு வாரம் தள்ளிப்போனது.

போன வாரம் நான் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தபோது உன் அண்ணி இதை எடுத்தாள். "அன்னைக்கு ஊரே திட்டிச்சு, நீங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தீங்க. நீங்க பண்ணினா நேர்மை, அவ பண்ணினா துரோகமா?" என்றாள். நான் மீட்டரை எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கப் போவதுபோல நழுவிவிட்டேன்.

நீ கேட்டிருந்த கேள்வி. அந்தத் திறப்பு விழாவுக்கு உன் அண்ணி வருவதாக இருந்தாள். நான் பொருத்திய லிஃப்ட்டில் முதல் ஆளாக ஏற்றிக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பத்தாவது தடவை நான் ஓட்டிப் பார்த்தது அதனால்தானா? எனக்கும் தெரியாது. அதில் ஏறி இறங்குகிற ஐந்நூறு பேருக்கு அந்தக் கேள்வி தேவையும் இல்லை. இதைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

ஒன்று சொல்கிறேன், இதைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. அன்று லிஃப்ட் மேல் நான் உட்கார்ந்திருந்த நிலையில் வேறொருவன் உட்கார்ந்திருந்து, அதை நான் பார்த்திருந்தால், நானும் போய்ச் சொல்லியிருப்பேன். மறுநாள்வரை காத்திருக்கக்கூட மாட்டேன்.

போனில் உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீ காத்திருந்துதான் ஆக வேண்டும்.

அண்ணன்


நவம்பர் 30

அண்ணா,

உன் கடிதத்தை மேடத்திடம் படித்துக் காட்டினேன். பிரேக் கதையை மட்டும்தான், பயப்படாதே. அவர் கேட்டுவிட்டு, "உங்கண்ணனை இங்க வேலைக்கு வரச் சொல்லு" என்றார். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

காரணம் கிடைத்துவிட்டது. ஐந்தாம் கட்டத்தில் ஊற்றுகிற ஊட்டத்தில் ஒரு பொருள் புதுப் புட்டியிலிருந்து எடுத்தது. புட்டியில் எழுதியிருந்த வீரியத்தில் பாதிகூட அதில் இல்லை. அதனால் செல்கள் பாதி வளர்ந்தும் பாதி வளராமலும் நின்றுவிட்டன. இனிமேல் ஒவ்வொரு புட்டியையும் சோதிக்காமல் திறப்பதில்லை. செல்களுக்கும் ஒரு சோதனை போய் மூன்று சோதனை, கடைசிச் சோதனை பெட்டி கிளம்பும் அன்று காலையில். குழு இதை ஏற்றுக்கொண்டு, மறுபடி தொடங்க அனுமதி கொடுத்துவிட்டது. உன் இடம் பத்திரமாக இருக்கிறது. உனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியிருப்பார்கள்.

எனக்கு ஒரு தண்டனையும் உண்டு. உனக்குப் போகிற பேட்ச் எதுவென்று எனக்குத் தெரியக் கூடாது என்பதால், ஜனவரிவரை வெளியே போகிற எந்த பேட்ச்சையும் நான் தொடக் கூடாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைச் சரிபார்க்கிறேன். அந்தப் பக்கம் மற்றவர்கள் ஊட்டம் மாற்றுகிறார்கள். ஒருத்தி குழாயைக் கொஞ்சம் வேகமாக இறக்குகிறாள். எழுந்து போய்ச் சொல்ல வாய் துடிக்கிறது. சொல்லவில்லை. அவளுக்கு வேலை தெரியும்.

தங்கை


டிசம்பர் 16

தங்கச்சி,

ஆகிவிட்டது. ஒன்பதாம் தேதி காலை.

ஏதோ பெரிய ஆப்பரேஷன் என்று நினைத்திருந்தேன். மயக்கமே கொடுக்கவில்லை. விலா எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஒரு ஊசி, மரத்த இடத்தின் வழியாக மெல்லிய குழாய், குழாய் கல்லீரலுக்குள் போகிற ரத்தக்குழாயில். மேலே ஒரு பை தொங்கியது. கலங்கிய தண்ணீர் மாதிரி இருந்தது, அடியில் பொடிப்பொடியாக. "இதுக்குத்தான் இவ்ளோ நாளா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "இதுக்குத்தான்" என்றார். குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க நர்ஸ் பையை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கணையத்தில் இருக்க வேண்டியதைக் கல்லீரலில் குடியேற்றியிருக்கிறீர்கள். வாடகை வீடுதான், ஒழுங்காக இருந்தால் சரி.

மாத்திரை வேலையைக் காட்டுகிறது. வாயெல்லாம் புண், காரம் தொட முடியவில்லை. கை லேசாக நடுங்குகிறது. இரண்டு நாள் காய்ச்சல் வந்து எல்லோரும் பயந்தோம், விட்டுவிட்டது. ஊசி இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உடனே எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவைதான் மீட்டரைப் பார்க்கிறேன்.

அண்ணன்


ஜனவரி 14

அண்ணா,

முடிவுகளை எனக்குக் காட்ட மாட்டார்கள். மேடத்தின் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிகிறதா என்று தேடுகிறேன். அவர் முகம் வெறும் சுவர். போனிலும் நீ, "எல்லாம் பிறகு எழுதறேன்" என்று வைத்துவிடுகிறாய். நானும் கேட்காமல் இருக்கப் பார்க்கிறேன். இருக்க முடியவில்லை.

நீயாகச் சொன்னால் உண்டு.

தங்கை


ஏப்ரல் 17

தங்கச்சி,

மூன்று மாதமாகக் காக்க வைத்துவிட்டேன். சொன்னால் கண் பட்டுவிடும் என்று எனக்கு ஒரு மூடத்தனமான பயம். நீ சிரி, பரவாயில்லை.

ஜனவரிக் கடைசியில் டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். உடம்பு தானாக இன்சுலின் சுரக்கிறதா என்று காட்டுகிற எண். எனக்கு அது எப்போதும் பூஜ்யம்தான். அன்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் நாலு. "என்ன டாக்டர், அச்சுப் பிழையா?" என்றேன். பிப்ரவரியில் அது ஏறியது. ஊசி பாதியானது, கால் ஆனது. மார்ச் இருபத்தாறாம் தேதியிலிருந்து ஊசி இல்லை. இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள். இது எவ்வளவு காலம் நிற்கும் என்று தெரியாது என்கிறார் டாக்டர். எனக்கும் தெரியாது. இன்றைக்கு நிற்கிறது.

ஊசியைவிடப் பெரிய விஷயம் ஒன்று. போன மாதம் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று முதுகெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடவென்று அடித்தது. மாரடைப்பு என்றே நினைத்துவிட்டேன். மீட்டரைப் பார்த்தால் அறுபத்தாறு. தாழ்ந்ததை என் உடம்பு எனக்குச் சொல்லியிருக்கிறது! ஒன்பது வருஷத்துக்குப் பிறகு! படியிலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர், "ஏன் சார் அழறீங்க?" என்று கேட்டார். அறுபத்தாறு என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "சரியாயிடும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் ஆபீஸில் ஒருவனோடு சண்டை. நான் கத்தினேன். உடனே எல்லோரும் வழக்கம்போல ஜூஸ் பாக்கெட்டோடு ஓடி வந்தார்கள். இத்தனை வருஷமாக எனக்கு எந்தக் கோபம் வந்தாலும் அது சர்க்கரை செய்கிற வேலை என்றுதானே முடிவு கட்டுவார்கள்! மீட்டரைக் காட்டினேன். நூற்று நாலு. "இது என் சொந்தக் கோபம்யா" என்றேன். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான்.

மேலே ஏற இன்னும் விடவில்லை. ஆறு மாதம் ஒரு தடவைகூட நினைவு தப்பாமல் இருந்தால் பார்க்கலாம் என்று கம்பெனி டாக்டர் எழுதியிருக்கிறார். அதுவரை மோட்டார் ரூமில் புது ஆட்களுக்குப் பாடம். புகார்ப் பிரிவு இல்லை. போதும்.

இதையெல்லாம் எழுதுவதற்காக இன்றைக்கு உட்காரவில்லை. நேற்று நடந்தது ஒன்று இருக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சாய்ந்தேன், தூங்கிவிட்டேன். நான் தூங்கினால் உன் அண்ணி என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியாது. நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. மணிக்கு ஒரு தடவை வந்து என் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பாள். வியர்வை இருந்தால் உலுக்குவாள், இல்லாவிட்டாலும் உலுக்குவாள், நான் ஒரு வார்த்தை சொல்லும்வரை விடமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து, பதினாறு வருஷம். ஒரு முழுத் தூக்கம் எனக்கும் கிடையாது, அவளுக்கும் கிடையாது. ஊசியை நிறுத்திய பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்கிற தைரியம் எனக்கே வரவில்லை.

நேற்று நான் தானாகக் கண் விழித்தேன். யாரும் உலுக்கவில்லை. ஜன்னல் வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. மணி ஐந்தேகால். மூன்று மணி நேரம். எனக்கு முதலில் திக்கென்றது, அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று. எழுந்து உள்ளே போனேன்.

அவள் கட்டிலில் குறுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டைவிட்டு. கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. நான் மெதுவாக அதைக் கழற்றினேன். அதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, அவள் எழுந்திருக்கும்வரை காத்திருந்தேன். ஏழு மணி ஆனது.

அண்ணன்